அக்காவின் கட்டைவிரலும் டிவி கேம் டப்பாவும்

பக்கவாதம் வந்து வலது கை விழுந்த அன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அக்கா என்னிடம் முதலில் கேட்டது "வீட்டைப் பூட்டினியா?" என்றுதான். வாய் லேசாகக் கோணியிருந்ததால் சொல் குழறியது. எனக்குப் புரியவில்லை. இரண்டாவது முறையும் புரியவில்லை. மூன்றாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அவளுக்குக் கோபம் வந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

பூனாவில், விஷ்ராந்த்வாடியில் அவளுக்குச் சொந்தமாக ஒரு ஃப்ளாட் இருக்கிறது. அத்தான் தவறியபின் அங்கே தனியாகத்தான் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரே மகன் வெளிநாட்டில், பனி கொட்டும் ஊரில் வேலை பார்க்கிறான். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் கராடி வீட்டுக்கு அவளை அழைத்து வந்தோம். என் மகள் படிக்க வெளியூர் போயிருந்ததால் அவளுடைய அறை காலியாக இருந்தது.

அக்கா மகன் ஓடி வந்தான், இரண்டு வாரம் இருந்தான், கிளம்பும்போது என்னைத் தனியாகப் பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனான். "மூணு மாசம் பாக்கலாம் மாமா. கை சரியாகலேன்னா அம்மாவ நான் அங்க கூட்டிட்டுப் போயிடறேன். விஷ்ராந்த்வாடி ஃப்ளாட்டையும் வித்துடலாம். தனியா விட்டுட்டு என்னால அங்க தூங்க முடியாது" என்றான். அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. "அம்மாவக் கேட்டா நல்லா இருக்கேன்னு பொய் சொல்லுவா. மூணு மாசம் கழிச்சு நான் உங்களத்தான் கேப்பேன். நீங்க உண்மையச் சொல்லணும்" என்றும் சொன்னான். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அக்காவுக்கு இந்த ஏற்பாடு தெரியும். "பனிக்குள்ள ஜன்னலோரமா என்னை உக்காத்தி வெக்கப் போறான். நான் என் வீட்டுக்குப் போறேன்" என்றாள். அதற்குக் கை வேண்டும். குக்கரை இறக்க, கேஸைத் திருக, பாத்ரூமில் வழுக்கினால் பிடித்துக்கொள்ள, எல்லாவற்றுக்கும் கை வேண்டும்.

கைக்குப் பயிற்சி கொடுக்க வாரத்தில் மூன்று நாள் ஒரு மராத்திப் பெண் வீட்டுக்கு வருவாள். 'தாயி' என்று அக்கா முறை சொல்லி அன்பாகத்தான் பேசுவாள். ஒரு ஸ்பாஞ்சு பந்து கொடுத்தாள். துணி மாட்டும் கிளிப்புகளை ஒரு கயிற்றில் மாட்டி எடுக்கச் சொன்னாள். அவள் இருக்கும்வரை அக்கா செய்வாள். அவள் போனதும் பந்து சோபாவுக்கு அடியில் போய்விடும். "பந்து எங்கக்கா?" என்றால், "காணோம்" என்பாள். இருபத்தைந்து வருஷம் கரும்பலகையில் காம்பஸ் இல்லாமல் வட்டம் போட்ட கை அது. அந்தக் கை கிளிப்பைப் பிடிக்க முடியாமல் நடுங்குவதை யாரும் பார்க்கக் கூடாது என்பது அவள் கட்சி. நாள் முழுக்க வலது கையைத் துப்பட்டாவுக்குள் ஒளித்து வைத்திருப்பாள்.

நான் பொறுமைசாலி இல்லை. இரண்டு தடவை கத்திவிட்டேன். "உன் கைக்கு நானா எக்சர்சைஸ் பண்ண முடியும்?" என்றேன். அவள் டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். என் மனைவி என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், "அண்ணிகிட்ட இன்னொரு தடவை இப்படிப் பேசினா உங்களுக்குச் சாப்பாடு கிடையாது" என்றாள்.

அந்த வாரம்தான், வெந்நீர்ப் பை தேடி மாளாவில் ஏறினேன். மற்றவர்கள் பரண் என்பதை எங்கள் குடும்பம் மாளா என்றுதான் சொல்லும். பூனாவில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். வெந்நீர்ப் பை கிடைக்கவில்லை. வீடு மாறும்போதெல்லாம் பிரிக்காமலே கூட வந்த ஓர் அட்டைப்பெட்டிக்குள் எங்கள் பழைய டிவி கேம் இருந்தது. கட்கி குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில், எனக்கு ஒன்பது வயதும் அவளுக்குப் பதினாலும் ஆனபோது அப்பா வாங்கிக் கொடுத்தது. வெள்ளையாக இருந்த பிளாஸ்டிக் டீத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தது. இரண்டு ரிமோட்டுகளும் தங்கள் ஒயரைத் தாங்களே சுற்றிக்கொண்டு கிடந்தன.

ஏணியிலிருந்து அதை இறக்கியதும் அக்கா, "அரே, டப்பா!" என்றாள். அப்போதும் அதற்கு அதுதான் பெயர். துப்பட்டாவுக்குள்ளிருந்து வலது கை தானாக வெளியே வந்தது. பாதி தூரம் வந்து, தான் யார் என்று ஞாபகம் வந்ததுபோல் நின்றது, திரும்ப உள்ளே போய்விட்டது. நான் பார்க்காததுபோல் தூசியைத் துடைத்தேன். ஆனால் அந்தப் பாதி தூரத்தை நான் பார்த்துவிட்டேன்.

டப்பாவை டிவியில் மாட்டிப் பார்த்தோம். கருகிய நாற்றம் ஒன்று வந்ததோடு சரி. திறந்தால், அவ்வளவு பெரிய பெட்டிக்குள் இருந்தது தீப்பெட்டி அளவுக்கு ஒரு போர்டு. அதன் நடுவில் கறுப்பாக ஒரு பிசின் பொட்டு. கையில் எடுத்தால் கனம் தெரியட்டும் என்று ஒரு இரும்புத் துண்டை வேறு ஒட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் எட்டிப் பார்த்த அக்கா, "இத்தனை வருஷமா இரும்பையாடா பத்திரமா வெச்சிருந்தோம்?" என்றாள். வந்ததிலிருந்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

இந்த டப்பாவுக்குள் ஒரு குட்டி கம்ப்யூட்டரை வைத்துவிடலாம் என்று அப்போதே முடிவு செய்தேன். சீட்டுக்கட்டு அளவில் ஒரு போர்டு கிடைக்கிறது. முழு கம்ப்யூட்டர். அந்தக் காலத்து ஆட்டங்கள் எல்லாம் அதில் ஓடும். சனிக்கிழமை புத்வார் பேட்டுக்குப் போய் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் சந்தில் போர்டு, மெமரி கார்டு, குட்டி ஃபேன், ஒயர் என்று ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் சாஃப்ட்வேர்க்காரன். ஸ்க்ரூ டிரைவர் பிடித்துப் பழக்கமில்லை. பழைய டப்பாவின் உள்ளே நீட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் கால்களை அரத்தால் ராவும்போது ஒன்று உடைந்து கண்ணுக்குப் பக்கத்தில் பறந்தது. டிவி ஒயருக்கான ஓட்டையை அளந்து, கோடு போட்டு, சுத்தமாக வெட்டினேன். மூடியைக் கவிழ்த்து மூடினால் ஓட்டை எதிர்ப்பக்கம் இருந்தது.

"அண்ணி, உங்க தம்பி டப்பாவுக்கு ரெண்டாவது ஓட்டையும் போடப் போறாரு" என்றாள் மனைவி.

"மூடியைத் திருப்பினா இடது வலதாகும்டா. ஆறாங் கிளாஸ் பாடம்" என்றபடி அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அளவெல்லாம் அவள்தான் சொன்னாள். நான் ராவும்போது டப்பா நகராமல் இடது கையால் பிடித்துக்கொண்டாள். ஒரு நாள் அது போதாமல் ஆட, வலது கையைத் தூக்கி மூடியின் மேல் கனத்துக்காக வைத்தாள். "இரும்புத் துண்டுக்குப் பதில் இது" என்றாள். எனக்கு அரம் தெரியவில்லை, கண் கலங்கிவிட்டது. பிளாஸ்டிக் தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ரிமோட்டுகளின் வெளிக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே ஒயரை மாற்றினேன். இரண்டு வாரத்தில் டப்பா எழுந்துவிட்டது. சுவிட்சைத் தட்டினால் பழைய சிவப்பு விளக்கே எரிந்தது. டென்னிஸ் ஆட்டத்தைப் போட்டேன். 'ஆயிரம் ஆட்டம்' என்று மேலே எழுதியிருந்த எங்கள் கேசட்டில் உண்மையில் இருந்தது பத்துப் பன்னிரண்டுதான். அதில் நாங்கள் தேயத் தேய ஆடியது இந்த டென்னிஸை. இடது கட்டைவிரலால் ஆளை நகர்த்த வேண்டும். வலது கட்டைவிரலால் சிவப்பு பட்டனை அமுக்கினால் அவன் பேட்டைச் சுழற்றுவான். எந்தக் கட்டைவிரல் வேலை செய்யவில்லையோ அதற்குத்தான் அடிக்கும் வேலை.

சின்ன வயதில் இந்த ஆட்டத்தில் நான் கெட்டிக்காரன். ஒரு மே மாத லீவு முழுக்க அக்காவை ஒரு தடவைகூட ஜெயிக்க விடாதவன் என்று என் மகளிடம் பல முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன். விளையாட்டு என்று என் வாழ்க்கையில் எனக்கு இருந்த ஒரே பெருமை அதுதான்.

முதல் நாள் ஆட்டம் பார்க்கச் சகிக்கவில்லை. பந்து அவள் பக்கம் போகும், வலையைத் தாண்டும், அவளைத் தாண்டும். அதன் பிறகுதான் திரையில் இருந்த ஆள் பேட்டைச் சுழற்றுவான். கண் பார்த்துவிடும், மூளை சொல்லிவிடும், கட்டைவிரல் தாமதமாகக் கிளம்பும். பதினொரு பாயிண்ட் ஆட்டத்தில் அவளுக்கு ஒன்றும் இல்லை. நான் வேண்டுமென்றே வெளியே அடித்துப் பார்த்தேன். அப்படியும் முடியவில்லை. "பஸ், போதும்" என்று ரிமோட்டை வைத்துவிட்டு, கையைத் துப்பட்டாவுக்குள் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

எனக்கு அது தாங்கவில்லை. இந்த டப்பாவும் சோபாவுக்கு அடியில் போய்விடும் என்று பயந்தேன். மறுநாள் மத்தியானம் இரண்டு ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவில் ஒரு காரியம் செய்தேன். என் ரிமோட்டில் பட்டனை அமுக்கினால் அது கொஞ்சம் காத்திருந்து, பிறகு வேலை செய்யும்படி ஒரு வரி எழுதிச் சேர்த்தேன். ஒரே ஒரு வரி. கண் இமைக்கும் நேரம்தான் தாமதம், ஆனால் டென்னிஸுக்கு அது போதும். ஆபீஸில் என் வேலை என்னவென்றால், புரோகிராமில் எங்கே தாமதம் ஆகிறது என்று கண்டுபிடித்து அதை நீக்குவது. பதினெட்டு வருஷ சர்வீஸில் முதல் முறையாகத் தாமதத்தைச் சேர்த்தேன்.

சாயங்காலம் அவளைக் கெஞ்சி உட்கார வைத்தேன். பதினொன்றுக்கு ஏழு என்று தோற்றாள். அடுத்த நாள் ஒன்பது எடுத்தாள். நாலாம் நாள் ஜெயித்தாள். ரிமோட்டைப் பிடித்தபடியே இரண்டு கையையும் தூக்கினாள், வலது கை தோள்வரைக்கும் வந்தது. மகனுக்குப் போன் போட்டு, "உங்க மாமாவ அடிச்சுத் தொவைச்சிட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு நான் கூப்பிட வேண்டியதே இல்லை. நான் ஆபீஸ் வேலை முடித்து லேப்டாப்பை மூடும் சத்தம் கேட்டாலே டப்பாவின் சிவப்பு விளக்கு எரியும். வலது கை துப்பட்டாவை விட்டு வெளியே வந்து மேசைமேல் எல்லோரும் பார்க்க இருந்தது. மராத்திப் பெண்கூட "தாயி, என்ன மாயம் பண்ணீங்க?" என்று மராத்தியில் கேட்டாள். எனக்கு உள்ளுக்குள் பெருமை தாளவில்லை.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். ஒரு நாள் காலையில் நான் மீட்டிங்கில் இருந்தபோது அவளுடைய ரிமோட்டில் ஏதோ பட்டன் மாட்டிக்கொண்டது. என் ரிமோட்டை எடுத்துத் தனியாகக் கம்ப்யூட்டரோடு ஆடிப் பார்த்திருக்கிறாள். நான் அறையை விட்டு வெளியே வந்தபோது டிவி அணைந்திருந்தது. என் ரிமோட் அவள் மடியில் இருந்தது.

"இதுல இடது கையால அமுக்கினாலும் லேட்டாத்தான் போகுது" என்றாள். "என் இடது கைக்கு ஒண்ணும் ஆகலையே."

பழசாகிவிட்டது, ஒயர் லூஸ் என்று ஏதோ உளறினேன். இருபத்தைந்து வருஷம் தப்புக் கணக்குகளைத் திருத்தியவள். ரிமோட்டை என் பக்கம் நீட்டினாள். ஒத்துக்கொண்டேன். உனக்காகத்தான் செய்தேன் என்றேன். நீ விட்டுவிடக் கூடாது என்றுதான் என்றேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "உனக்குத் தோக்கக்கூடத் தெரியலடா" என்றாள். "நான் உன்கிட்ட எத்தனை வருஷம் தோத்திருக்கேன் தெரியுமா? ஒரு நாளாவது கண்டுபுடிச்சியா?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"நீ தோத்தா அழுவே. நீ அழுதா அப்பா டப்பாவைத் தூக்கி மாளாவுல போட்டுடுவாரு. அப்புறம் ரெண்டு பேருக்குமே கெடையாது. அதனால கடைசி பாயிண்ட்ல, பந்து வர்றதுக்கு முன்னாடியே பேட்டைச் சுத்திடுவேன். ஒரு இம்மி முன்னாடி. அடிக்கப் போய்த் தப்பின மாதிரியே இருக்கும். நீ சோபா மேல ஏறிக் குதிப்பே. நல்லாத்தான் இருக்கும் பாக்கறதுக்கு." ரிமோட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "நான் என் கையால தோத்தேன். நீ மெஷினை வெச்சுத் தோக்கறே. நான் என்ன அவ்வளவு கேவலமா போயிட்டேனா?" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

நாற்பத்தைந்து வயதில் ஒரு நிமிஷத்தில் என் மே மாத லீவு முழுவதையும் இழந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, ஒன்பது வயது அழுமூஞ்சிக்காக ஒரு பதினாலு வயதுப் பெண் இவ்வளவு யோசித்திருக்கிறாளே என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து, "தப்புதாங்க்கா" என்றேன்.

"அந்த வரியக் காட்டு" என்றாள்.

விசைப்பலகையை மாட்டி, டிவியில் அந்த வரியைத் திறந்து காட்டினேன். நான் நீக்கப் போனேன். "கையை எடு" என்று என் கையைத் தட்டிவிட்டாள். வலது கையின் ஆட்காட்டி விரலை நீட்டி, அழிக்கும் பட்டனைத் தேடி, அமுக்கினாள். ஓர் எழுத்து போயிற்று. விரலைத் தூக்கி மறுபடி அமுக்கினாள். நடுவில் விரல் வழுக்கி வேறு பட்டனில் விழுந்து புது எழுத்து ஒன்று சேர்ந்தது. அதையும் அழித்தாள். என் மனைவி குக்கரை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது முப்பத்தைந்து எழுத்துதான் இருக்கும். அரை மணி நேரம் ஆயிற்று. கடைசி எழுத்து போனதும் அவள் நெற்றி வேர்த்திருந்தது.

"இனிமே இந்த வீட்ல யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது" என்றாள்.

அன்று சாயங்காலம் பதினொன்றுக்கு இரண்டு என்று தோற்றாள். நான் ஒரு பந்தைக்கூட விடவில்லை. அடுத்த நாளும் தோற்றாள். ரிமோட்டைத் தூக்கி எறியவில்லை, அறைக்குள் போகவில்லை. "இன்னொண்ணு போடு" என்றாள். காலையில் அவளாகவே சோபாவுக்கு அடியிலிருந்து ஸ்பாஞ்சு பந்தை எடுத்து வைத்துக்கொண்டு பேப்பர் படிக்கும் நேரமெல்லாம் பிசைந்தாள். கிளிப்புகளை எண்ணி எண்ணி மாட்டினாள். வாரம் போகப் போக அவளுக்கு மூன்று கிடைத்தது, ஐந்து கிடைத்தது, ஏழு கிடைத்தது. தவறவிட்ட ஒவ்வொரு பந்தையும் தாமதமாகத்தான் தவறவிட்டாள். பந்து போனபின் பேட் சுற்றும், அவ்வளவுதான். ஒரு தடவைகூட அந்த விரல் முந்தியதில்லை. முந்துகிற வலு அதற்கு எங்கே இருந்தது?

மூன்று மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆறு மணிக்குப் போன் பண்ணுகிறேன் என்று மகன் செய்தி அனுப்பியிருந்தான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அன்று காலையில்தான் அக்கா கையிலிருந்து காபி டம்ளர் நழுவித் தரையெல்லாம் காபி. அது சுடுகாபி. அவள் ஒரு துணியை எடுத்து இடது கையால் துடைத்தாள். முடியும் என்று சொல்லி, அங்கே தனியாக இருக்கும்போது அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? முடியாது என்று சொல்லி அவளை அந்தப் பனி ஊருக்கு அனுப்பிவிட்டால், அப்புறம் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு விஷ்ராந்த்வாடிப் பக்கம் போவேன்? உண்மையைச் சொல்லப்போனால், அவள் எங்கேயுமே போகக் கூடாது, இங்கேயே இருந்துவிட வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. அதை அவளிடம் சொல்லவும் தைரியமில்லை.

ஐந்து மணிக்கு டப்பாவைப் போட்டாள். "மூஞ்சிய ஏன் இழவு விழுந்த மாதிரி வெச்சிருக்கே? உக்காரு" என்றாள்.

ஆடினோம். என் கை அன்று ஓடவில்லை. அவள் ஐந்தில் இருந்தாள், நான் மூன்றில். பிறகு எட்டு எட்டு. பத்து பத்து என்று வந்தபோது மணி ஆறாகிக்கொண்டிருந்தது. கடைசி பாயிண்ட். என் பயத்தில் நான் அடித்த பந்து உயரமாக, மெதுவாக, அவள் ஆளின் தலைக்கு நேராகப் போய் இறங்கியது. அதுபோல ஏழெட்டுப் பந்தை அன்று சாயங்காலம் அவள் திருப்பி அடித்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம்.

பேட் சுற்றியது. பந்து இன்னும் வரவில்லை. சுற்றி முடித்த பேட்டுக்குப் பின்னால் பந்து வந்து மெல்ல விழுந்தது.

ஒரு இம்மி முன்னாடி.

"சே, போச்சு!" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. திரையில் என் ஆள் கையைத் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தான். நான் அவளுடைய வலது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது சிவப்பு பட்டனின் மேல் நடுங்காமல் இருந்தது. சத்தம் வந்துவிடாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட வேண்டாம் என்று காதில் வைத்துக்கொண்டேன்.

"மாமா, உண்மையச் சொல்லுங்க. அம்மாவால தனியா இருக்க முடியுமா?"

"முடியும்பா" என்றேன்.

"எப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?"

"இப்பத்தான் என்கிட்ட தோத்தா."